தாம்பாளத்தில் யாந்தேயின் பக்கம்

சீகா தன் மகளுக்கென்று தனித்தட்டு வாங்கி வந்த அன்று அந்த வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

கவ்லாக் ஊர்ச் சந்தையில் பத்துக் கடை ஏறி இறங்கி எடுத்த தட்டு. நீல விளிம்பு, நடுவில் ஒரு வாத்து. ஆறு வயதுப் பிள்ளைக்கு வாத்து பிடிக்கும் என்று பார்த்துப் பார்த்து வாங்கியிருந்தாள். நாத்தனார் ஞிலான் அதைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"எதுக்கு இது?"

"யாந்தேக்கு, அண்ணி. இனிமே அவளுக்கு அளந்துதான் சோறு போடணும்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க."

"அளந்து போடு. யாரு வேண்டாம்னது? தாம்பாளத்துல போடு."

"ஏழு கை போய் வர்ற தாம்பாளத்துல எப்படி அண்ணி அளக்கிறது?"

"எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. தாம்பாளத்தை விட்டு எழுப்பின பிள்ளை, வீட்டை விட்டு எழுப்பின பிள்ளை."

சொல்லிவிட்டு விருட்டென்று எழுந்து போய்விட்டாள். கதவுக்குப் பின்னால் யாந்தே நின்றுகொண்டிருந்ததை இரண்டு பேருமே பார்க்கவில்லை. பெரியவர்கள் சண்டை போடும்போது கதவுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பிள்ளை நிற்கும். அது தெரியாமல்தான் உலகத்தில் பாதிப் பேச்சு பேசப்படுகிறது.

ஞிலான் கோபப்பட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தத் தெருவில் மதியச் சோறு என்றால் ஒரே தாம்பாளம்தான். பாயை விரித்து நடுவில் வைத்தால் சுற்றி எல்லாரும் உட்கார வேண்டியது. அவரவருக்கு முன்னால் இருப்பது அவரவர் பக்கம். அடுத்தவர் பக்கத்துக்குக் கை போகக் கூடாது, கொடுப்பதற்குத் தவிர. வீட்டின் மூத்தவள் மீனைப் பிய்த்து ஆளுக்குக் கொஞ்சம் அவரவர் பக்கம் தூக்கிப் போடுவாள். பிரியம் அதிகமானால் துண்டும் பெரிதாகும். தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர் மூன்றே வகை: கோபித்துக்கொண்டவர், தொற்றுநோய்க்காரர், வெள்ளைக்காரர். யாந்தே மூன்றிலும் சேர்த்தி இல்லை.

ஆனால் சீகாவின் பயம் அவளுக்குத்தானே தெரியும்.

ஒரு மாதத்துக்கு முன்பு யாந்தே தண்ணீர் தண்ணீர் என்று பானையையே காலி செய்துகொண்டிருந்தாள். கவ்லாக் வெயிலில் தண்ணீர் குடிக்காத பிள்ளை எது? நாயே நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிழலை விட்டு வராத ஊர். "வெயிலு" என்றாள் ஞிலான். "வெயிலு" என்றான் தம்பாகுண்டாவுக்குப் பேருந்து ஓட்டும் அப்பா ஜெகான். சீகாவும் அதையேதான் சொன்னாள். பாயை நனைத்தபோதும், சட்டை தொளதொளவென்று ஆனபோதும் வெயில்தான். ஒருநாள் காலையில் பிள்ளை எழுந்திருக்கவில்லை. மூச்சில் அழுகின பழத்தின் வாடை அடித்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இன்னும் அரைநாள் கழித்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை டாக்டர் வாயால் சொல்லவில்லை, ஆனால் முகத்தால் சொன்னார். பெற்றவள் கண் முன்னால் பிள்ளை உருகிக்கொண்டிருந்திருக்கிறது, அவள் வெயிலைத் திட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். அதைச் சீகாவால் மன்னிக்க முடியவில்லை. இனி ஒரு பருக்கைகூடத் தன் கண் தப்பாது என்று சத்தியம் செய்துகொண்டாள்.

நர்ஸ் பாஜி எட்டு நாள் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். விரலில் குத்தி மீட்டரில் சர்க்கரை பார்க்க வேண்டும். ஊசி போட வேண்டும். அரைமணி கழித்துச் சோறு. தக்காளி விழுது வரும் சின்ன டப்பா இருக்கிறதே, அதில் தலைதட்டி ஒரு டப்பா. கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

"ஊசி உள்ள போயிடுச்சுன்னா சோறும் உள்ள போயே ஆகணும்மா," என்றார் பாஜி. "போகலைன்னா சர்க்கரை தாறுமாறா இறங்கும். நம்ம மீட்டர் கிராம்ல காட்டும், புள்ளி ஏழுக்குக் கீழ போச்சுன்னா யோசிச்சுக்கிட்டு நிக்காதே. சர்க்கரைக் கட்டியைக் குடு. அந்த நேரத்துல அதுதான் மருந்து."

சீகா ஈர மணலில் புதைத்த மண்சட்டிக்குள் ஊசி மருந்தை வைத்தாள். பக்கத்தில் மீட்டர், பஞ்சு, ஒரு சின்ன டப்பாவில் பத்துச் சர்க்கரைக் கட்டி. எல்லாம் தயார். தட்டும் வாங்கியாயிற்று.

முதல் மூன்று நாள் யாந்தே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். பாயில் மற்ற எல்லாரும் கூடிச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, இவள் மட்டும் ஓர் ஓரத்தில் முக்காலியில். சீகாவும் தாம்பாளத்துக்குப் போகாமல் மகள் வாயையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான்காம் நாள் யாந்தே கேட்டாள்:

"அம்மா, நான் கிடா பக்கத்துல போய் உட்கார்ந்து சாப்பிடட்டுமா? நீ பார்த்துக்கிட்டே இருந்தா எனக்குத் தொண்டையில இறங்க மாட்டேங்குது."

கிடா என்றால் பக்ரீத்துக்காக வளர்க்கும் கிடா. முற்றத்தின் கடைசியில் தகரக் கொட்டகைக்குள் கட்டியிருந்தது. துணைக்கு ஆடாவது இருக்கட்டுமே என்று சீகா சரி சொன்னாள். அன்றிலிருந்து தட்டு பளபளவென்று திரும்பி வந்தது. கேரட் இல்லை, முட்டைக்கோஸ் இல்லை, ஒரு பருக்கை இல்லை. வாத்து மட்டும் பளிச்சென்று சிரித்தது. சீகாவுக்கு நிம்மதியான நிம்மதி.

ஆனால் நான்கு மணிக்கு விரலில் குத்தினால் கணக்கு உதைத்தது. புள்ளி ஆறு. மறுநாள் புள்ளி ஐந்து. பிள்ளை மயங்காமல் நின்றதால் கட்டியை அவசரத்துக்கு விட்டுவைத்து, பாலும் பிஸ்கட்டும் கொடுத்துத் தேற்றிவிட்டு சீகா பாஜிக்கு போன் போட்டாள்.

"முழுசா சாப்பிட்டாளாம்மா?"

"தட்டைக் கழுவவே வேண்டாம் மதாம். அவ்வளவு சுத்தம்."

"அப்போ ஊசியில ஒரு அளவு குறைச்சுப் பார்ப்போம்."

குறைத்தும் இறங்கியது. என்ன தப்பு என்று சீகாவுக்குப் பிடிபடவில்லை. இதற்கிடையில் கிடா மட்டும் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாகப் பெருத்தது. "என் கைராசியைப் பாருங்க," என்று ஜெகான் அதன் முதுகைத் தட்டிப் பெருமைப்பட்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம். சாப்பாடு முடிந்து, சீகா முற்றத்தில் உட்கார்ந்து எதிர்வீட்டு ஜெய்னபாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஜடை பின்னுவதுதான் சீகாவின் தொழில். பொடிப்பொடியாக நாற்பது ஜடை போடுவாள். ஜெய்னபா புலார் இனம், இவர்கள் செரேர். இந்த இரண்டு இனத்துக்கும் தலைமுறை தலைமுறையாகக் கேலி முறை. என்ன பேசினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது, பேசாமல் இருந்தால்தான் தப்பு.

"ஏண்டி சீகா, உன் மகளுக்கு டப்பால அளந்துதான் சோறாமே? செரேர்க்காரங்க சோத்தை அளந்து திங்க ஆரம்பிச்சுட்டா உலகம் முடியற கியாமத்து நாள் கிட்ட வந்துடுச்சுன்னு அர்த்தம்."

"மாட்டு வாலைப் பிடிச்சிக்கிட்டே திரியற கூட்டத்துக்குச் சோத்தைப் பத்தி என்னடி தெரியும்? தலையை ஆட்டாதே, வகிடு கோணுது."

பாயில் சாய்ந்திருந்த ஞிலான் சிரித்தாள். தட்டு வந்த நாளிலிருந்து அவள் சிரிப்பது அபூர்வம். தம்பி பொண்டாட்டி தனக்கும் பொண்டாட்டி என்பது அங்கே வழக்கம். "என் பொண்டாட்டி" என்றுதான் சீகாவைக் கூப்பிடுவாள். ஆக சீகாவுக்கு இரண்டு புருஷன். ஒருத்தன் பேருந்தை எடுத்துக்கொண்டு போய்விடுவான். இன்னொன்று வீட்டை விட்டு நகரவே நகராது.

கொட்டகைப் பக்கமிருந்து யாந்தே சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. உதடு வெளுத்துக் கிடந்தது.

"அம்மா... நீ ரெண்டு பேரா தெரியுற."

சீகாவின் கையிலிருந்து சீப்பு விழுந்தது. பிள்ளையை மடியில் இழுத்துப் போட்டு விரலில் குத்தினாள். புள்ளி நாலு. மண்சட்டிப் பக்கம் ஓடிச் சர்க்கரை டப்பாவைத் திறந்தாள். காலி.

"சர்க்கரை எங்க? இதுல இருந்த சர்க்கரை எங்க?"

"அதை நான் அன்னிக்கே எடுத்துட்டேன்," என்றாள் ஞிலான். "சர்க்கரை வியாதிக்காரப் பிள்ளையோட மருந்துக்குள்ள எந்தப் பாவியோ சர்க்கரையை ஒளிச்சு வச்சிருந்தாங்க. என் கண்ணுல பட்டதோ, பிள்ளை பிழைச்சுது! வீட்டுல ஒரு கட்டி இருக்கக் கூடாதுன்னு எல்லாத்தையும் வாரி ஜெய்னபாகிட்ட குடுத்துட்டேன். நானே டீயில சர்க்கரை போட்டுக் குடிச்சு இருபது நாளாச்சு."

பெருமையாகத்தான் சொன்னாள். மூன்று கிளாஸ் டீக்கு முப்பது கரண்டி சர்க்கரை கேட்கிற மனுஷி, பிள்ளைக்காக இருபது நாள் கசப்பு டீ குடித்திருக்கிறாள்.

"ஜெய்னபா! ஓடு! சர்க்கரை!"

ஜெய்னபா கேள்வி கேட்கவில்லை. ஒரு பக்கம் ஜடையும் மறுபக்கம் புதருமாக அப்படியே எழுந்து தெருவில் ஓடினாள். டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஆம்பிளைகள் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று சர்க்கரைப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி ஓடி வந்தாள்.

சீகா ஒரு கட்டியை எடுத்து மகள் வாயருகே கொண்டுபோனாள். ஞிலான் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விஷம்டி! பெத்த கையாலயே விஷம் குடுக்கிறியா?"

"விடுங்க அண்ணி!"

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் சீகா அவளிடம் குரல் உயர்த்தியதே இல்லை. அன்று உயர்த்தியது மட்டுமல்ல, தள்ளியும் விட்டாள். ஞிலான் அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டாள்.

"மெல்லு தங்கம். மெல்லும்மா. முழுங்கு. இன்னொண்ணு. கண்ணை மூடாதே, என்னையப் பாரு. ரெண்டு பேரா தெரிஞ்சாலும் பரவால்ல, ரெண்டு பேரையும் பாரு."

மூன்று கட்டி. பிறகு காத்திருக்க வேண்டும் என்று பாஜி சொல்லியிருந்தார். அந்தக் கால்மணி நேரத்தில் சீகா தனக்குத் தெரிந்த துஆவையெல்லாம் ஓதினாள், ஓதியதையே மறுபடியும் ஓதினாள். குத்திப் பார்த்தபோது புள்ளி எட்டு. உதட்டில் இரத்தம் திரும்பிக்கொண்டிருந்தது.

"அம்மா," என்றாள் யாந்தே, "ஜெய்னபா சித்தி தலைக்கு என்ன ஆச்சு?"

ஜெய்னபா சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்துப் பிள்ளை கையில் கொடுத்தாள்.

சீகா தட்டை எடுக்கக் கொட்டகைக்குப் போனாள். கிடா படுத்துக்கொண்டு நிதானமாக அசைபோட்டது. அதன் தாடியில் தக்காளியில் சிவந்த சோறு ஒட்டியிருந்தது. காலடியில் வாத்துத் தட்டு, நக்கிய நக்கில் பளபளவென்று.

அப்படியே நின்றாள். தட்டு காலியாக வந்தால் பிள்ளை சாப்பிட்டது என்று நினைத்துக்கொண்ட முட்டாள் நான்தானா என்று இருந்தது. ஒவ்வொரு நாளும் ஊசியைக் குத்திவிட்டு, பிள்ளையை வெறும் வயிற்றோடு விட்டிருக்கிறாள். கோபம் கோபமாக வந்தது. தட்டோடு விறுவிறுவென்று வந்தவள், மகள் முகத்தைப் பார்த்ததும் ஓங்கிய கையைத் தன் நெஞ்சிலேயே வைத்துக்கொண்டாள்.

"ஏம்மா? பசிக்கலையா உனக்கு?"

"பசிச்சுது."

"பின்னே ஏன் கிடாவுக்குப் போட்டே?"

யாந்தே ரொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்தத் தட்டுல சாப்பிட்டா நான் வீட்டுப் பிள்ளை இல்லையாம். தாம்பாளத்தை விட்டு எழுப்பிட்டா வீட்டை விட்டும் எழுப்பிடுவாங்களாம். அத்தைதான் சொன்னாங்க. நான் அதுல சாப்பிடாம இருந்தா திரும்பக் கூப்பிட்டுடுவீங்கன்னு நினைச்சேன்."

ஞிலான் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"என் வாய்தான்," என்றாள் துணிக்குள்ளிருந்தே. "இந்த வாயில மண்ணைப் போட."

"தட்டு வாங்கினது நான்தானே அண்ணி."

"சர்க்கரையைத் தூக்கிக் குடுத்தது யாரு? நான்."

"தட்டை மட்டும் பார்த்து, பிள்ளை முகத்தைப் பார்க்காம விட்டது நான்."

"ரெண்டு பேரும் யாரு பெரிய குத்தவாளின்னு அப்புறம் தீர்த்துக்குங்க," என்றாள் ஜெய்னபா. "என் தலை பாதியில நிக்குது. இப்படியே போனா என் புருஷன் இன்னொருத்தியைக் கட்டிக்கிட்டு வந்துடுவான்."

அன்று மாலை சீகா பாஜிக்கு போன் போட்டு உள்ளதைச் சொன்னாள். பாஜி முதலில் சிரித்தார், பிறகு திட்டினார், பிறகு ஊசியைப் பழைய அளவுக்கே ஏற்றினார். "எங்க உட்கார்ந்து சாப்பிடுறாங்கிறது எனக்கு முக்கியமில்ல. அளவும் நேரமும்தான் முக்கியம். தாம்பாளத்துல அளக்க முடியும்னா தாம்பாளத்துலயே சாப்பிடட்டும்."

மறுநாள் மதியம் அடுப்படியில் சீகா நாத்தனாரை உட்கார வைத்துப் பாடம் நடத்தினாள்.

"சோத்துக்குக் கணக்கு உண்டு, அண்ணி. மரவள்ளிக்கு உண்டு. சர்க்கரைவள்ளிக்கு உண்டு. பானை அடியில பிடிச்ச காந்தலும் சோறுதான். மீனுக்குக் கணக்கில்ல. முட்டைக்கோசு, கத்திரிக்காய்க்குப் பெருசா கணக்கில்ல."

"சோறு, மரவள்ளி, வள்ளி, காந்தல் உண்டு. மீன், கோசு, கத்திரிக்காய் இல்ல," என்று ஞிலான் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். "சரி. என் பக்கத்துல உட்காரட்டும்."

"உங்க பக்கத்துலதான் அண்ணி எனக்குப் பயமே. உங்க கை சும்மா இருக்காது."

"என் கையை நான் பார்த்துக்கறேன்டி, என் பொண்டாட்டி."

தாம்பாளம் வந்தது. ஞிலான், அவள் மகன்கள் மூன்று பேர், அன்றைக்கு வண்டி எடுக்காத ஜெகான், சீகா, யாந்தே. யாந்தேக்கு அரைமணிக்கு முன்பே ஊசி போட்டாயிற்று. சீகா தக்காளி டப்பாவில் தலைதட்டிச் சோற்றை அளந்து மகளுக்கு முன்னால் கவிழ்த்தாள். கரண்டிக் காம்பால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாய்க்கால் வெட்டினாள். வேறு எவர் சோறும் சரிந்து வரக் கூடாது. ஞிலானின் மகன்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"பிஸ்மில்லாஹ்."

கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. ஞிலான் மீனைப் பிய்த்து ஒவ்வொருவர் பக்கமும் போட்டாள். மரவள்ளியை உடைத்து மகன்களுக்குப் போட்டாள். பிறகு பானையிலிருந்து காந்தலைச் சுரண்டிக் கொண்டுவந்து தாம்பாளத்தின் நடுவில் வைத்தாள். யாந்தேக்குக் காந்தல் என்றால் உயிர். அது ஞிலானின் மனசுக்குத் தெரியும். மனசைவிட நன்றாக அவள் விரல்களுக்குத் தெரியும். ஜெகானிடம் ஏதோ பேசிக்கொண்டே, எண்ணெய் மினுங்கும் ஒரு பெரிய துண்டை எடுத்து யாந்தேயின் பக்கம் போட்டுவிட்டாள்.

எல்லாருடைய கையும் நின்றது. ஞிலானுடைய கையும்தான்; போட்ட பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

தாம்பாளத்தில் மூத்தவள் போட்டதை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் கிடையாது. பசி இல்லாதவன்கூட வாங்கிக்கொண்டு மென்று விழுங்குவான். நேற்றுத்தான் சீகா அவளைத் தள்ளிவிட்டாள். இன்று எல்லாருக்கும் நடுவில் அவள் கையைத் தட்டுவதா? ஆனால் இன்று வாயை மூடிக்கொண்டால், நாளைக்கும், அதற்கு மறுநாளும், இந்தப் பிள்ளை வளர்ந்து இன்னொரு வீட்டுத் தாம்பாளத்தில் உட்காரும் காலத்திலும் இதே கதைதான். அப்போது பக்கத்தில் சீகா இருக்க மாட்டாள்.

யாந்தே தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். காந்தலைப் பார்த்தாள். எச்சில் விழுங்கினாள். பிறகு அதை எடுத்து, வாய்க்காலைத் தாண்டி, அத்தையின் பக்கம் வைத்தாள்.

"எனக்கு அளந்தாச்சு, அத்தை," என்றாள். "இது சேர்த்தி இல்ல."

ஜெகான் தொண்டையைக் கனைத்தான். மகன்கள் மூன்று பேரும் அம்மா முகத்தைப் பார்த்தார்கள். இத்தனை வயதில் ஞிலான் கையால் போட்ட எதுவும் திரும்பி வந்தது கிடையாது. கண் நிறைந்து, எண்ணெய்க் கையால் துடைக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

யாந்தே பயந்துபோனாள்.

"கோவமா அத்தை? அழாதீங்க அத்தை. மீன் போடுங்க. மீன் எவ்வளவு போட்டாலும் நான் வாங்கிக்கறேன்."

ஞிலான் வாய்விட்டுச் சிரித்தாள், கண்ணீர் தாம்பாளத்தில் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். திரும்பி வந்த காந்தலைத் தூக்கித் தன் வாயில் போட்டு நறுக்கென்று கடித்தாள். அப்புறம் நடுவிலிருந்த மீனைத் தலையோடு இழுத்து, முள்ளை எடுத்து எடுத்து, கன்னச் சதை, முதுகு, வயிறு என்று ஒன்று விடாமல் யாந்தேயின் பக்கம் குவிக்க ஆரம்பித்தாள்.

"அக்கா, எனக்கு?" என்றான் ஜெகான்.

"உனக்குக் கோசு இருக்கு, தின்னு."

சீகாவுக்கு ஞிலானைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. சாப்பாட்டுக்கு நடுவில் அதெல்லாம் முடியாது என்பதால் ஒரு துண்டு கத்திரிக்காயை எடுத்து நாத்தனாரின் பக்கம் போட்டாள். அன்று அந்தத் தாம்பாளத்தில் மற்ற ஆறு பேரும் பாதிச் சாப்பாட்டுக்கு மேல் மீனில்லாமல்தான் சாப்பிட்டார்கள். யாந்தே தன் பக்கத்துச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்தாள். சீகா அதைத் தன் கண்ணால் பார்த்தாள்.